ஒரு சொல்லின் முன் நின்ற உடுக்குறி

சென்ற மாதம் ஒரு காலையில் அனகா தொலைபேசியில் அழைத்தாள். நான் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒப்பகராதித் துறையில் இப்போது கணினிப் பதிப்பைக் கவனித்துவரும் பெண் அவள். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் கலந்து வரும்.

“டீச்சரே, ஒரு சம்சயம். அகராதியில சில வார்த்தைக்கு முன்னால ஒரு நட்சத்திரம் இருக்கு அல்லே? கம்ப்யூட்டர்ல அது பெரிய சல்யம், தொந்தரவு. தேடும்போது நட்சத்திரம் அடிச்சா, ‘எது வேணும்னாலும் கொடு’ன்னு அது அர்த்தம் எடுத்துக்கும். மொத்த அகராதியும் வந்து விழுது. அதை எடுத்துக் களையட்டே?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். துறையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று இளையவர்கள் முன்னரே கேட்டிருந்தார்கள். எதை எழுதுவது என்று தெளியாமல் இருந்த எனக்கு அனகாவின் கேள்வியே பொருளாயிற்று.

அந்தக் குறிக்குத் தமிழில் உடுக்குறி என்று பெயர். உடு என்றால் விண்மீன். ஒரு சொல்லின் முன் அது நின்றால், “இச்சொல்லைக் கல்லிலோ ஏட்டிலோ எவரும் கண்டதில்லை, இதன் வழிவந்த சொற்களை வைத்து, இது இவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்று மீட்டெடுத்தோம்” என்பது கருத்து. என் பணிக்காலம் முழுவதும் உடுக்குறி இட்ட சொற்களோடுதான் கழிந்தது. இதைச் சொல்ல எனக்கு நாணமில்லை. பெருமைதான் உண்டு.

எங்கள் துறை பண்புச் சொற்களுக்கு ஓர் ஒப்பகராதி தொகுத்துவந்தது. நல்ல, பழைய, அகன்ற, வெள்ளை என்பன போன்ற சொற்கள் இந்திய மொழிகளில் எப்படி வழங்குகின்றன, அவற்றுக்கு வெளியே உறவு உண்டா என்று காட்டுவது நோக்கம். அதில் ‘தொலைவுச் சுற்றம்’ என்றொரு பிரிவு. சமற்கிருதச் சொற்களின் ஐரோப்பிய உறவினரைத் தேடுவது அதன் வேலை. அதிலும் மேற்கு எல்லையில் இருக்கும் கெல்திய மொழிகள் என் பங்கு. கரமனையில் எங்கள் தெருவார், “மீனாட்சி அயர்லாந்து வார்த்தைக்கெல்லாம் தாத்தா யாருன்னு தேடறா. நம்மாத்துத் தாத்தா பேரைக் கேட்டா முழிப்பா” என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை.

பயின்ற ஆண்டுகளைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சமற்கிருதம் தந்தையாரிடம், தமிழ் கல்லூரியில், பழைய ஐரிசு, கண் வலிக்கும் சிற்றெழுத்தில் அச்சிட்ட இலக்கண நூல்களில். ஒலிப்பைக் கேட்டறிய ஆளில்லாமையால் நாக்கு எங்கே தொட வேண்டும் என்று நூலில் படித்துக் கண்ணாடி முன் நின்று பழகினேன். அவ்வளவுதான் பயிற்சி.

நான் எழுதிய சொற்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே நின்று சொல்ல வேண்டும். ‘அகன்ற’ என்னும் பொருளுடைய மூலக் கெல்தியச் சொல் அது. மூலக் கெல்தியம் என்பது அயர்லாந்திலும் வேல்சிலும் பிரான்சின் மேற்குமூலையிலும் வழங்கும் மொழிகளுக்குத் தாய். அது எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள்தாம் கிடைத்திருக்கிறார்கள். அகன்றதற்குப் பழைய ஐரிசில் லெதன், வேல்சில் லதன். தொலைவில் சமற்கிருதத்தில் பிருது, கிரேக்கத்தில் பிளத்துஸ். பின்னிரண்டிலும் முதலில் பகர ஒலி நிற்க, கெல்தியப் பிள்ளைகளிடம் மட்டும் அது காணப்படவில்லை.

காணாமற்போன பகரம் நமக்குப் புதிதன்று. நம் பால் கன்னடத்தில் ஹாலு, நம் புலி ஹுலி, பத்து ஹத்து. சிலர் பேச்சில் அந்த ஹகரமும் தேய்ந்து ஆலு என்றே ஒலிக்கும். கெல்தியத்திலும் பகரம் இப்படிப் படிப்படியாகத் தேய்ந்தது. முற்றும் மறைவதற்கு முந்தைய நிலையை மீட்டெடுத்த வடிவில் காட்டுகிறோம். விளக்கை ஊதி அணைக்கையில் இதழ்களுக்கிடையே எழும் காற்றொலி எதுவோ, அதுவே அதன் முதலெழுத்து. ஆகவே சொல், *ஃப்லித்தனொஸ்.

தமிழில் ‘அகன்ற’ என்பது தெருவுக்கும் ஆற்றுக்கும் நெற்றிக்கும் ஒரே வடிவம். அங்கே அப்படியன்று. ஆண்பாற் பெயருக்கு முன் ஃப்லித்தனொஸ், பெண்பாலுக்கு ஃப்லித்தனா, இரண்டுமல்லாததற்கு ஃப்லித்தனொம். பெயர் வேற்றுமை ஏற்றால் இதுவும் உடன் ஏற்கும். ‘அதைவிட அகன்ற’ என்று ஒப்பிடும்போது மட்டும் நடுவில் உள்ள ‘அன்’ உதிர்ந்துவிடும். ‘ஃப்லித்’ என்னும் வேரோடு ஒப்பீட்டு ஈறு நேரே சேரும். இதை நிறுவ எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. நம் பிருதிவியும் இந்த வேரின் மகள்தான். நிலமாகிய அவள் ‘அகன்றவள்’. வேல்சுக்காரர் கடலுக்கப்பால் பிரான்சின் மேற்குமூலையில் உள்ள பிரித்தானி நிலத்தை ‘லதவ்’ என்பதும் அதே சொல். இவ்விரண்டும் உடன்பிறந்தவை என்று அறிந்த மாலையில், கரமனையில் இறங்க மறந்து நேமம்வரை பேருந்தில் போய்த் திரும்பினேன்.

எங்கள் தலைவர் சரோஜினி டீச்சர். மலையாளி, தமிழைக் கற்றுப் பேசுவார். கூர் சீவிய பென்சில் ஒன்று எப்போதும் அவர் கொண்டையில் செருகியிருக்கும். எவருடைய எழுத்தையும் ‘தவறு’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஐயத்துக்குரிய வரியின்மேல் பென்சிலின் மழுங்கிய முனையை வைத்து, “இது அறிவோ, ஆசையோ?” என்று கேட்பார். அதன்பின் நாம் வாய் திறக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் இமைக்கவும் மாட்டார் என்பது எங்கள் அறையில் வழங்கிய கதை.

அவர் வகுத்த முறை கடுமையானது. முதலில் கிடைத்திருக்கும் வடிவங்களை மட்டும், கிடைத்த இடத்தோடு எழுத வேண்டும். அடுத்து ஒலிமாற்றம். அந்த மாற்றம் வேறு சொற்களிலும் நிகழ்ந்திருக்க வேண்டும். ஒற்றைக்கு நிற்கும் ஒப்புமை ஒப்புமையாகாது. பின்னர்ப் பொருள். இவ்வளவும் எழுதிய பிறகும் உடுக்குறியை நாங்கள் இடக்கூடாது. அதற்குமுன் சொல் ‘எதிரிருக்கை’யைக் கடந்தாக வேண்டும்.

எதிரிருக்கை என்பது நீள்மேசையின் சன்னலோரம் கிடந்த நாற்காலி. புதன்கிழமைதோறும் ஒரு சொல்லுக்கு விசாரணை. அந்தச் சொல்லை எழுதியவர் அதில் அமர்ந்து, தாம் எழுதியதற்கு எதிராகவே முழு வலிமையோடும் வாதாட வேண்டும். எங்களில் வேறொருவர் எதிரே அமர்ந்து அதைக் காப்பார். கடைசியில் நிற்கும் அல்லது நிற்காது என்று சொல்லும் உரிமையும் காப்பவருக்கே. எழுதியவர் தம் சொல்லிடம் இரக்கம் காட்டித் தளர்ந்து பேசினால், டீச்சர் பென்சிலால் மேசையைத் தட்டி விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவார். என் அருகில் அமர்ந்து பணியாற்றிய ஞானதாஸ், பாறசாலைப் பக்கத்துக்காரர், சொல்வார்: “ஜெயிச்சா முகம் வாடுறதும், தோத்தா காப்பி வாங்கிக் குடுக்கதும் இந்த ஆப்பீஸ்ல மட்டும்தான் அக்கா.”

இனி என் சொல்லின் வழக்குக்கு வருகிறேன்.

அகராதியின் மாதிரித் தொகுதி ஆலோசனைக் குழுவின் ஒப்புதலுக்குப் போயிருந்தது; விசாரணை முடியாத என் ‘அகன்ற’ மட்டும் உடுக்குறிக்கு இடம்விட்டுப் போயிருந்தது. ஒப்புதல் கிடைத்தால் எங்கள் பிரிவு நிலைக்கும். தற்காலிகமாக இருந்த என் பணியும் நிலைக்கும். கிடைக்காவிட்டால் பிரிவைக் கலைத்து எங்களைப் பாடநூல் மெய்ப்புத் திருத்த அனுப்புவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழுவில் மற்றவர்கள் எவருடைய சொல்லைக் கேட்டு நடப்பார்களோ அவர், வக்கீல் மணி மாமா. வஞ்சியூர் நீதிமன்றத்தில் பேர்பெற்றவர். எங்களுக்கு அடுத்த தெரு. தொழிலிலிருந்து ஓய்வுபெற்றபின் சொல்லாராய்ச்சியில் இறங்கியிருந்தார். தமிழின்மேல் அவர் வைத்திருந்த பற்றில் பாசாங்கு எள்ளளவும் இல்லை.

மாதிரித் தொகுதியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருநாள் எங்கள் அறைக்கே வந்தார்.

“ஏம்மா மீனா, ‘அகன்ற’ன்னு நாலு பக்கம் எழுதியிருக்கே. அயர்லாந்து வரது, கிரேக்கம் வரது. நம்ம ‘பரந்த’ எங்கே? பரந்தன்னாலும் அகலம்தானே? பிருது, பரந்த. நோக்குக் காது கேக்கலையா?”

“கேக்கறது மாமா. சான்றுதான் போறலை.”

“சான்றா! ஒருத்தனும் கண்ணால பார்க்காத வார்த்தைக்கு நட்சத்திரம் போட்டுத் தலையில வெச்சுண்டு ஆடறேள். கரமனைத் தெருவுல கொழந்தை பேசற வார்த்தைக்குச் சான்று கேக்கறேள். ரொம்ப நன்னாயிருக்கு!”

டீச்சரிடம் திரும்பி, ‘தமிழ்ப் பர என்னும் வேரிலிருந்து பிறந்தது’ என்று ஒரு வரி சேர்த்தாலன்றித் தாம் கையொப்பமிடப் போவதில்லை என்று தெளிவாகச் சொன்னார். யோசித்துப் பார்க்கும்படி சொல்லிவிட்டு, வராந்தாவில் போய் அமர்ந்துகொண்டார்.

ஞானதாஸ் என் பக்கம் சாய்ந்தார். “ஒரு வரிதானே அக்கா? ‘என்பாரும் உளர்’ண்ணு போட்டுட்டுப் போங்க. உரையாசிரியர்மாரு எல்லாம் அப்பிடித்தானே தப்பிச்சாங்க?”

“அவங்க எழுதினப்போ அப்படிச் சொன்னவங்க நாலு பேராவது இருந்தாங்க. இங்கே மணி மாமா ஒருத்தர்தான்.”

“ஒருத்தர் போதுமே. நம்ம ரெண்டு பேருக்க வேலையும் அந்த ஒருத்தர் கையில அல்லவா இருக்கு?”

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது விளையாட்டன்று. ஒரு வரியை எழுதினால் வேலை நிற்கும். ஆனால் அந்த வரியைத் தாங்கிய பக்கத்தில் என் பெயர் நிற்கும். நான் தமிழ் படித்தவள், தமிழால் வளர்ந்தவள். தமிழுக்குப் பொய்ச்சாட்சி சொல்லித்தான் அதன் பெருமையைக் காக்க வேண்டும் என்ற நிலை அதற்கு என்றும் வந்ததில்லை என்று நம்புகிறவள். எழுத மாட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பாராட்டவில்லை, கடியவும் இல்லை. கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

“வக்கீலே, அடுத்த புதனாழ்ச்ச இவிட வரணும். இந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு, கேட்டோ. அவரவர் கட்சிக்கு எதிராத்தான் அவரவர் பேசணும். மீனாட்சி தமிழுக்காக வாதாடும். நீங்கள் அந்த நட்சத்திரச் சொல்லைக் காக்கணும். முடிவும் நீங்கள்தான் சொல்லணும். அந்த வரி வேணும்னு சொன்னால், நான் சேர்க்கும்.”

வழக்கைத் தொடுத்தவரிடமே தீர்ப்பையும் கொடுத்துவிட்டார்!

மணி மாமா உரக்கச் சிரித்தார். “எதிர்க்கட்சி வக்காலத்தை எங்கிட்டயே குடுக்கறேளா? சரி. ரெண்டு பக்கமும் பேசத் தெரியாதவன் வஞ்சியூர்ல வக்கீலே இல்லை. கேஸ் கட்டைக் குடுங்கோ.”

அந்த வாரம் நாள்தோறும் எங்கள் அறைக்கு வந்து என் குறிப்புகளைப் படித்தார். ஐயம் வந்தால் ஞானதாசைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. தெருவில் ஒருநாள் எதிர்ப்பட்டபோது, “எதிர்க்கட்சியோட வழக்கைப் பத்திப் பேசப்படாதும்மா” என்று சொல்லிக் குடையை என் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். அந்தக் குடைக்குள் அவர் சிரித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

புதன்கிழமை வந்தது. எதிரிருக்கையில் அமர்ந்தேன். தளர்ந்து பேசலாகாது என்பது விதி; எனக்கோ தளர வேண்டிய தேவையே எழவில்லை. பர, பரப்பு, பரவை, பரவுதல் என்று குடும்பம் முழுவதையும் நிறுத்தினேன். பரந்து கிடப்பதால் கடலுக்கே ‘பரவை’ என்று பெயர் என்றேன். கன்னடத்தில் ‘பரவு’ ‘ஹரவு’ ஆவதைக் காட்டி, கெல்தியத்தில் பகரம் தேய்ந்த அதே வழியில் நம் வீட்டுப் பகரமும் தேய்ந்திருக்கிறது என்றேன். ரகரமும் லகரமும் இடம் மாறுவது உலகெங்கும் உள்ளது என்றேன். ‘பரந்த’ என்பதன் தகரத்தையும் ‘லெதன்’ என்பதன் தகரத்தையும் அருகருகே எழுதிக் காட்டினேன். பேசப் பேச என் குரல் எனக்கே இனித்தது. ஒரு கட்டத்தில் நான் சொல்வது உண்மைதானோ என்று என் மனமே கேட்டது. ஞானதாஸ் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பென்சிலால் தட்டவேயில்லை.

மணி மாமாவின் முகம் மலர்ந்திருந்தது. தாம் நெஞ்சில் வைத்திருந்ததை இன்னொருவர் தம்மினும் அழகாகச் சொல்லக் கேட்கும் மலர்ச்சி அது. நான் முடித்ததும் எழுந்து நின்றார். தோள் துண்டைச் சரிசெய்தார். அந்த அசைவோடு மலர்ச்சி போய்விட்டது; வக்கீல் வந்துவிட்டார்.

“ரொம்ப நன்னாப் பேசினேம்மா. இப்போ என் கேள்விக்குப் பதில் சொல்லு. கரமனையாறும் மழைக்குச் செவக்கறது, காவேரியும் செவக்கறது. ரெண்டும் ஒரே மலை மண்ணா?”

“இல்லை.”

“அப்போ கன்னடத்துல பகரம் தேஞ்சதுங்கறதுக்காக அயர்லாந்துக்காரன் நமக்கு உறவாயிட மாட்டான். சரி. ‘பரந்த’ல ஒரு தகரம் காட்டினியே. ‘பரக்கும்’னு சொல்லு. அந்தத் தகரம் எங்கே?”

“இறந்தகாலத்துக்கு வந்தது. எதிர்காலத்துல இருக்காது.”

“ஆக, அது குடக்கூலிக்கு வந்தவன், காலம் மாறினா காலி பண்ணிண்டு போறான். இந்த நட்சத்திர வார்த்தையில? ஒப்பிடறச்சே ‘அன்’னு ஒண்ணு உதிர்ந்துபோறதுன்னு நீயே எழுதியிருக்கே. அது போனப்புறமும் தகரம் அசையாம நிக்கறது. அவன் பட்டாதாரன். குடியிருக்கறவனையும் பட்டாதாரனையும் ஒரே ஆளுன்னு எந்தக் கோர்ட்டும்மா ஒத்துக்கும்?”

ஞானதாஸ் வாயைப் பொத்திக்கொண்டார். நான் விடவில்லை. தனிச்சொல்லில் சிறு வேறுபாடு இருக்கலாம்; பொருள் ஒன்றுதானே என்றேன்.

“வரேன். பிருதுவுக்குத் துணையா இன்னும் சாட்சி உண்டா? உண்டு. பூர்ணம்னா நெறஞ்சது, ஐரிஷ்ல ‘லான்’. அதே பகரம் போச்சு, அதே ரகரத்தோட எடத்துல லகரம். பிதான்னா தகப்பன், அங்கே ‘அதிர்’. மறுபடியும் பகரம் போச்சு. ஒருத்தன் பின்னால ஒருத்தனா வந்து ஒரே கதையைச் சொல்றான். உன் தமிழ் வேருக்கு இப்படி இன்னொரு ஜோடி இருக்கா? ஒண்ணே ஒண்ணு. குடு, இப்போவே உக்காந்துடறேன்.”

நான் தேடினேன். உண்மையாகவே தேடினேன், அந்த நேரத்தில் ஒன்று கிடைத்துவிடாதா என்று விரும்பியும் தேடினேன். கிடைக்கவில்லை.

“இல்லை மாமா” என்றேன்.

அவர் மேசையில் கிடந்த என் குறிப்பை எடுத்து, உடுக்குறிக்காக விட்டிருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

“டீச்சர், போன வாரம் இந்த நட்சத்திரத்தை நான் கேலி பண்ணினேன். நாப்பது வருஷம் கோர்ட்டுல சாட்சிகளைப் பார்த்தவன் நான். பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்றவனைத்தான் நெறையப் பார்த்திருக்கேன். முதல் எழுத்தைச் சொல்றதுக்கு முன்னாலேயே ‘இதை நான் பார்க்கலை’ன்னு ஒத்துண்டு கூண்டுல ஏறின சாட்சியை இப்போதான் பார்க்கறேன். என் வார்த்தைக்கு அந்தத் தைரியம் இல்லை.” குறிப்பை மேசையில் வைத்தார். “இந்தச் சொல் நிக்கும். அந்த வரி வேண்டாம்.”

பின்னர்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது வக்கீல் போய்விட்டிருந்தார். தாம் ஆசையாக வளர்த்ததைத் தாமே வெட்டிய ஒரு முதியவர் இருந்தார். “ரெண்டு வருஷமா அந்த வரியை மனசுல வெச்சிருந்தேன்மா” என்றார் மெல்ல.

“தமிழுக்கு அதனால ஒன்றும் குறையில்லா, வக்கீலே” என்றார் டீச்சர். “இன்னைக்கு அதுக்கு நல்ல வக்கீல் கிடைச்சது. சாட்சி கிடைச்சில்ல. அத்தறேயுள்ளு.” அவ்வளவே உள்ளது என்று பொருள். பென்சிலை எடுத்து என் சொல்லின் முன் உடுக்குறியை இட்டார். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “நாளை ‘பழைய’ தொடங்கணும், கேட்டோ.”

மணி மாமா கையொப்பமிட்டார், குழுவும் ஒப்பியது, பிரிவு நிலைத்தது, நானும் நிலைத்தேன். அதற்குப் பின் எங்கள் தெருவில் யாரேனும் உலக மொழிகளெல்லாம் தமிழிலிருந்து வந்தவை என்று பேசத் தொடங்கினால், மணி மாமா வெற்றிலையை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு, “இன்னொரு ஜோடி காட்டும் ஓய்” என்பார். பேச்சு அங்கே நின்றுவிடும். தமிழ்ப்பற்று குறைந்து அவர் அப்படிக் கேட்டார் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள்.

அன்று தோற்றதைப் போல் நான் எதிலும் தோற்றதில்லை. தமிழுக்காக என்னால் ஆன மட்டும் வாதாடினேன். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அப்படி வாதாடியும் வீழாமல் நின்ற சொல் என்பதால்தான் *ஃப்லித்தனொஸ் இன்றும் என் பெயரோடு தலைநிமிர்ந்து நிற்கிறது. நான் ஓய்வுபெறும்வரை எத்தனையோ சொற்களை எழுதினேன். என் வேலை என்ன என்று யாரேனும் கேட்டால் அந்த ஒன்றைத்தான் திறந்து காட்டுவேன்.

அனகாவை மறுநாள் அழைத்தேன். புதன்கிழமை துறைக்கு வருவதாகவும், உடுக்குறியை எடுத்துவிட வேண்டும் என்று நான் வாதாடப்போவதாகவும், அது இருந்தே ஆக வேண்டும் என்று அவள் மறுத்துப் பேச வேண்டும் என்றும் சொன்னேன்.

“அதெப்படி டீச்சரே? எடுக்கணும்னு சொன்னது நான் அல்லே?”

“அதனால்தான்.”

போனேன். நாற்காலிக்குப் புதிதாக மெத்தை தைத்திருக்கிறார்கள்; மற்றபடி அதே சன்னலோரம். தேடுவோருக்கு இடையூறு என்றேன். இளைய தலைமுறைக்குப் புரியாத குறி என்றேன். நிறத்தால் வேறுபடுத்தினால் போதும் என்றேன். நான் தளரவில்லை. அவள் முதலில் திணறினாள். பின்னர்த் திரையில் என் சொல்லைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

“நிறத்தைப் பிரிண்ட் எடுத்தா கறுப்பாயிடும் அல்லே, டீச்சர்? அப்போ பார்க்காததும் பார்த்ததும் ஒண்ணாயிடும். தேடறது என் பிரச்சினை. அதுக்காக வார்த்தை எதுக்குப் பொய் சொல்லணும்?”

குறி நிற்கிறது, தேடும் வழியை அவள் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரே சொல்லிடம், ஒரே நாற்காலியில் அமர்ந்து, இரண்டு முறை தோற்றவள் அத்துறையில் நான் ஒருத்திதான். இந்தப் பெருமையை எவருக்கும் பங்கிட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை.